மதுரையைச் சூழ்ந்த மலைகளும் மறைந்து கிடக்கும் செய்திகளும்

(கே.கே. நகரில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. உறுப்பினர் பலர் வேண்டியவாறு இவ்விதழில் வெளியிடப்பெறுகின்றது.)



நம் சங்கக் கூட்டங்களில் மாணவர் உதவிநிதி, திருமணப் பதிவு, கட்டட வாடகை முதலிய பயனுள்ள பொருள்களே பேசப்பெறுவது வழக்கம். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு காசும் தாராதது. பழங்கதை, பாழ்ங்குகை, படிக்க முடியாத எழுத்து, கதவையே கடவுளாக வணங்கும் கோயில் ஆகிய இவற்றின்மேல் எமக்குப் பல்லாண்டுகளாக ஒரு பித்து உண்டு. விடுமுறை நாள்களில் குடையும் தண்ணீர்ச் செம்புமாக யாம் மலையேறுவதைக் கண்டு நகைக்கும் உறவினர் இவ்வவையிலேயே பலர் உளர். அவர்கள் நகைப்பில் பிழையொன்றும் இல்லை. எனினும் இத்துணைக் காலம் எமக்கு உறக்கம் கெடுத்த செய்திகளுட் சிலவற்றை உங்கள்முன் வைக்க அவைத் தலைவர் இடந்தந்தமைக்கு நன்றி பாராட்டுகின்றோம்.

முதலில், தொலைவிற் செல்ல வேண்டா. இக்கட்டடத்தின் மேல்மாடத்தில் ஏறி வடகிழக்கே நோக்குமின். ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு பெரிய யானை துதிக்கையை நீட்டிப் படுத்திருப்பது போன்ற ஒரே கல்மலை தெரியும். அதுவே யானைமலை. கே.கே. நகரில் வாழும் நாம் நாள்தோறும் இதைக் காண்கின்றோம். நாள்தோறும் காண்பதனாலேயே இதைக் காணாதவராயினோம்.

இம்மலைக்குத் திருவிளையாடற் புராணம் கூறும் வரலாற்றை நம் பாட்டிமார் அறிவர். விக்கிரம பாண்டியன் காலத்தில், அவன்மேற் பகைகொண்ட சோழன் ஏவச் சமணர் ஒரு வேள்வி இயற்றினர். வேள்விக் குழியினின்று ஒரு மாய யானை எழுந்து மதுரையை அழிக்க வந்தது. சொக்கநாதப் பெருமான் வேட்டுவ வடிவு கொண்டு நரசிங்கக் கணையால் அதனை வீழ்த்தினார். வீழ்ந்த யானை மலையாயிற்று. பின்னர்ப் பாம்பொன்றை ஏவினர், அது நாகமலையாயிற்று. பின்னும் ஒரு பசுவை ஏவினர். நந்திதேவர் அதனைச் சாய்க்க, அது பசுமலையாயிற்று. இவ்வாறு மதுரையைச் சூழ்ந்த மலைகள் எல்லாம் தோற்றுப்போன மாயங்களின் உடல்களாகப் புராணத்தில் நிற்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு இதனினும் இனிய பூகோள பாடம் ஒன்று உண்டோ?

ஆயினும் யானைமலையின் மேலே ஒரு குகை உண்டு. அதன் நெற்றியில் ஒரு வரி எழுத்து வெட்டப்பெற்றுள்ளது. தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் அறிஞர் கூறும் மிகப் பழைய எழுத்து அது. அவ்வரி 'இவ குன்றம்' என்னும் பெயருடன் தொடங்கி, அம்மலையில் உறைந்த துறவியர் இருவர் பெயரைக் கூறுகின்றது. 'இவம்' என்பது யானையைக் குறிக்கும் 'இபம்' என்னும் சொல்லின் திரிபு. ஆகவே இவகுன்றம் என்பது யானைக்குன்றமே. இவ்வெழுத்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையது. திருஞானசம்பந்தர் மதுரைக்கு எழுந்தருளியதோ ஏழாம் நூற்றாண்டில். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலைப் பாடியது அதற்கும் பன்னூறு ஆண்டுகள் பின்னர்.

இதனாற் பெறப்படுவது யாது? சைவர்க்கும் சமணர்க்கும் வழக்கு மூளுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மலை யானையாகத்தான் மக்கள் கண்ணுக்குத் தோன்றியது. அங்கே தங்கிய துறவியரும் அதனை அப்பெயராலேயே வழங்கினர். மலையின் வடிவம் பெயரைத் தந்தது. பெயர் கதையைத் தந்தது. கதை பெயரைத் தரவில்லை. ஒரு குகையின் நெற்றியில் உள்ள ஒற்றை வரி இவ்வளவையும் மெளனமாகச் சொல்லிக்கொண்டு ஈராயிரம் ஆண்டு வெயிலில் நிற்கின்றது. இதனை முதன்முதல் அறிந்த அன்று எமக்கு உண்டான மகிழ்ச்சியை, ஒரு புதையல் எடுத்தவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்குக் குறைந்தது என யாம் கருதவில்லை.

அம்மலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை உளது. புராணம் கூறும் நரசிங்கக் கணை தைத்த இடம் இதுவே என்பர். கல்வெட்டு வேறொன்று கூறுகின்றது. கலியாண்டு 3871-இல், அஃதாவது கி.பி. 770-இல், பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் உத்தர மந்திரியாய் இருந்த மாறன் காரி என்பவர் இக்கற்றளியைக் குடைவித்தார். கரவந்தபுரத்தினர் அவர். குடமுழுக்கு நிகழும் முன்னரே அவர் விண்ணுலகு எய்தினார். அவர்பின் மந்திரிப் பதவி எய்திய தம்பி மாறன் எயினன், முகமண்டபத்தைச் செய்வித்து அண்ணன் தொடங்கியதை முடித்து நீர்தெளித்தார். வடமொழியிலும், வட்டெழுத்தில் தமிழிலும் இச்செய்தி பொறிக்கப்பெற்றுள்ளது. மாதந்தோறும் அக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் நம்மிடையே பலர். அவ்விரு உடன்பிறந்தாரின் பெயரை அறிந்தவர் சிலரே. அடுத்த முறை செல்லுங்கால் எழுத்து உள்ள பாறையையும் ஒருகால் நோக்கி வருமின்.

இனி, 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்னும் பெயரைப் பற்றிச் சில சொல்வோம். மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம், முத்துப்பட்டி, திருப்பரங்குன்றம் எனப் பல இடங்களில் இயற்கைக் குகைகளின் உள்ளே பாறையை வழவழப்பாகச் செதுக்கி அமைத்த படுக்கைகள் உள்ளன. தலைமாட்டில் தலையணைபோற் சிறிது உயர்த்தியும் இருக்கும். ஊரார் இவற்றைப் பாண்டவர் படுக்கை என்பர். வனவாசத்தின்போது ஐவரும் இங்கே படுத்தனராம். எண்ணிப் பார்த்தால் ஓரிடத்தில் ஐந்துக்கு மேற்பட்ட படுக்கைகள் இருக்கும், வேறோரிடத்தில் குறைந்திருக்கும். இத்தனை குன்றுகளிலும் படுத்தெழுந்த பாண்டவர்க்குப் பன்னிரண்டு ஆண்டு வனவாசம் போதியதோ என ஐயுற வேண்டியுளது!

உண்மையில் இவை துறவியர் தங்குதற்காக அக்கால மக்கள் செய்து கொடுத்த பள்ளிகள். குகையின் மேற்புறத்தில் புருவம்போல் ஒரு வெட்டுக் காணப்படும். மழைநீர் பாறைவழியே வழிந்து உள்ளே புகாமல் அவ்விளிம்பிலே சொட்டிக் கீழே விழுமாறு செய்த உபாயம் அது. முன்புறத்துப் பாறையிற் சிறு குழிகள் இருக்கும். கால் நட்டுப் பந்தலிட்டதன் அடையாளம். இரும்புளி ஒன்றைக் கொண்டு இவ்வளவும் நினைத்துச் செய்த கைகளை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது. நீர்வடி விளிம்புக்கு அருகிலேயே எழுத்துகளும் வெட்டப்பெற்றன. மழையும் வெயிலும் படாது அவை பிழைத்தமைக்கு அந்த விளிம்பே காரணம்.

இவற்றுள் மாங்குளத்தின் கதை தனிச்சிறப்பு உடையது. மதுரைக்கு வடகிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை அடுத்து உள்ளது அம்மலை. 1882-ஆம் ஆண்டிலேயே இராபர்ட் சீவெல் என்னும் ஆங்கிலேயர் அங்கு எழுத்துகள் இருப்பதைக் குறித்தனர். வடநாட்டுப் பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இலேயே படித்துவிட்டார். ஆகவே எழுத்தின் உருவம் பெரும்பாலும் தெரிந்ததே. ஆயினும் மாங்குளத்து வரிகளை அம்முறைப்படி படித்தால் பொருள் விளங்கவில்லை. எம்மொழி எனவும் துணிய முடியவில்லை. எழுத்துத் தெரிந்தும் சொல் தெரியாத இந்நிலை நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது.

அம்முடிச்சை அவிழ்த்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். 1924-இல் சென்னையிற் கூடிய கீழ்நாட்டுக் கலைஞர் மாநாட்டில் அவர் தம் முடிவை வெளியிட்டனர். வடநாட்டு எழுத்தில் இல்லாத சில வடிவங்கள் இக்குகைகளில் உள்ளன. அவை ழ, ள, ற, ன என்னும் தமிழுக்கே உரிய எழுத்துகள். ஆதலின் இக்குகைகளின் மொழி தமிழே என்று அவர் காட்டினார். இன்னுமொரு தடை இருந்தது. இங்கே மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. குறியொன்றும் இல்லாத எழுத்து வெறும் மெய். வடநாட்டில் நெடிலுக்கு இடும் கோடு இங்கே அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொது. 'மகன்' என்னும் நம் எளிய சொல்லை வடநாட்டு முறையிற் படித்தால் 'மாகான' என்றாகும். எவர்க்குத்தான் விளங்கும்? மகனை மகனாகப் படிக்கத் தமிழுலகம் இத்துணைக் காலம் காத்திருந்தது.

பின்னர் 1960-களில் ஐராவதம் மகாதேவன் அம்மலையேறி வரிகளை மீண்டும் ஆராய்ந்தபோது நெடுஞ்செழியன் என்னும் பெயர் வெளிப்பட்டது. சங்க நூல்களில் மட்டும் நாம் கேட்டிருந்த பாண்டியர் பெயர், கல்லின்மேல், கி.மு. இரண்டாம் நூற்றாண்டினதாக அவர் கணித்த எழுத்தில்! கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி செய்து கொடுத்தோருள் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ஒருவன். அம்மன்னனின் உறவினன் சடிகன் என்பான் ஒருவன். வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அஃதாவது வணிகக் குழுவினர், சிலர். மகாதேவன் அரசாங்கத்தில் பெரும் பதவி வகித்தவர். எழுத்தாராய்ச்சி அவர்க்குப் பிழைப்பன்று, பித்து. தாம் கண்டவற்றை உடனே முடிந்த முடிபென முழக்காது, முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் திருத்தித் திருத்தி 2003-இற் பெருநூலாக வெளியிட்டனர். பித்தரெல்லாம் ஒரு தரத்தினர் அல்லர் என்பதற்கு அவரே சான்று.

இங்கே நம் சங்கத்தாரிடம் மனம் விட்டு ஒன்று கூற வேண்டியுளது, பெரியோர் பொறுத்தருள்க. நம் இதழுக்கு வரும் கட்டுரைகளிற் பல, நம் முன்னோர் சந்திரகுலத்து வேந்தர் என்றோ, ஏதேனும் ஒரு மன்னனின் படைத்தலைவர் என்றோ நிறுவுவதற்கே எழுதப்பெறுகின்றன. பிற குலத்தார் சங்க இதழ்களையும் யாம் படிப்பது உண்டு. அவர்களும் அவ்வண்ணமே எழுதுகின்றனர். எல்லாரும் அரசராயின் ஏர் பிடித்தவர் யார், உப்பு விற்றவர் யார் என்னும் வினா எழுகின்றது. ஒலியொத்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வம்சாவளி எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. மனக்குறைக்கு மருந்து தேடுவதே ஆகும்.

கிடாரிப்பட்டிக்கு மேலே அழகர்மலையில் உள்ள குகைக்கு வாருங்கள். ஏறுதற்கு அரியதுதான். அங்குள்ள எழுத்துகளில் அரசன் இல்லை. மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், பாகு விற்ற பாணித வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், அறுவை என்னும் துணி விற்றவன் ஒருவன் எனக் கொடையாளர் வரிசை நிற்கின்றது. ஊரின் பெயர் 'மத்திரை' என எழுதப்பெற்றுள்ளது. அதுவே நம் மதுரையின் மிகப் பழைய எழுத்துருவங்களுள் ஒன்று. கலப்பைக்குக் கொழு விற்றுச் சேர்த்த காசில் ஒரு பங்கை, மலைமேல் உறங்கும் துறவிக்குப் படுக்கை வெட்டுவதற்கு ஒருவன் கொடுத்தான். தொழிலையும் பெயரையும் மட்டும் பொறித்துவிட்டுக் கீழிறங்கிச் சென்றான். அவன் எக்குலத்தவன்? கல் கூறவில்லை. நம்முள் எவரும் அவன் வழியினராய் இருக்கலாம். எமக்கோ, மணிமுடி தரித்த பாட்டன் ஒருவனைக் கற்பனையிற் பெறுவதினும் இந்த உப்பு வணிகனைப் பாட்டனாகப் பெறுவது மிக்க பெருமையாகத் தோன்றுகின்றது.

இனிச் சற்றுக் கடினமான இடத்துக்கு வருகின்றோம். மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்னும் வரலாறு நம் எல்லார்க்கும் தெரிந்ததே. வைகையில் இட்ட ஏடு நீரை எதிர்த்துச் சென்று தங்கிய இடம் திருவேடகம். கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆயினான். பெரியபுராணத்தில் இவை விரிவாக உள்ளன. நம்மிற் பலர் நெற்றிநிறைய நீறு பூசுவோர்; யாமும் அவ்வாறே. ஆயினும் பக்தி ஒன்று, வரலாற்றுச் சான்று மற்றொன்று. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். நிகழ்ச்சியோ ஏழாம் நூற்றாண்டினது. இடையே ஐந்நூறு ஆண்டுகள். ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு எதுவும் கழுவேற்றத்தைக் கூறவில்லை.

அஃதன்றி, மலைகள் மறுமொழி கூறுகின்றன. கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குச் செல்க. அங்கே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என இரண்டு இடங்கள் உண்டு. தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன; கீழே வட்டெழுத்தில், இன்னார் செய்வித்த திருமேனி என்னும் குறிப்புகள். அச்சணந்தி என்னும் முனிவர் ஊர்ஊராகச் சென்று இத்தகைய உருவங்களை அமைப்பித்தவர். மலைமேல் மாதேவிப் பெரும்பள்ளி என ஒன்று, பாண்டிமாதேவியின் பெயரால் இருந்தது. இவையெல்லாம் எட்டு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் செய்திகள். இன்னும் மேலே ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. கருநாடகத்துச் சமணர்க்கும் இம்மலைக்கும் பின்னாளிலும் தொடர்பு இருந்ததென்பதற்கு அது சான்று. மதுரையிற் சமணர் அடியோடு அழிந்தனராயின், இருநூறு ஆண்டின் பின் அரசியின் பெயரால் பள்ளி நடத்தியவர் யாவர்? வாது நிகழ்ந்திருக்கலாம், பகையும் இருந்திருக்கலாம், எண்ணாயிரம் என்னும் தொகை கவிஞர் வழக்கு என்றே யாம் எண்ணுகின்றோம். இதனைக் கூறுவதால் சம்பந்தப் பெருமானின் பதிகத்துக்கு ஓர் எழுத்தளவும் குறைவு வாராது.

அம்மலையடியில் யாம் கண்டு பெரிதும் மகிழ்வது மற்றொன்று. தாமரைக் குளமும் ஆலமரமும் அவற்றை அடுத்து அய்யனார் கோயிலும் கருப்பசாமியும் உள்ளனர். மகாவீரர் உருவத்தை ஊரார் 'செட்டியார்' என்றே வழங்கினர். செட்டிப்புடவு என்னும் பெயர் அதனால் வந்தது. நீண்ட காதும் நிறைந்த முகமும் அமைதியான இருக்கையும் கண்டு, இவர் யாரோ ஒரு பெரிய வணிகர் என நினைத்தனர் போலும். பேச்சிப்பள்ளமோ பேச்சியம்மன் பெயர் தாங்கியது. வழிபட்ட சமயம் மறைந்த பின்னரும் அவ்விடத்தை மக்கள் வெறுமனே விட்டுவிடவில்லை. தமக்குத் தெரிந்த பெயரைச் சூட்டிச் சுற்றத்தாராக்கிக் கொண்டனர். மதுரைப் பக்கத்து மனிதரின் இயல்பு இது. வந்த விருந்தினரின் பெயர் மறந்தால் 'வாங்க மாமா' என்று அழைத்துவிடுவோம் அல்லவா?

கருப்பரைப் பற்றிப் பேச்செடுத்தபின் அழகர்கோயிற் பதினெட்டாம் படிக் கருப்பரைக் கூறாது விடலாகாது. கோபுரத்தின் அடைத்த பெருங்கதவே அங்குத் தெய்வம். உருவம் இல்லை, கதவுக்குச் சந்தனம் பூசி மாலை சாத்தி வணங்குவர். மலையாள நாட்டு மந்திரவாதிகள் பதினெண்மர் அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல வந்தனர். மக்கள் அவர்களைப் பிடித்துக் கொன்று பதினெட்டுப் படிகளின் கீழ்ப் புதைத்தனர். அவர்களோடு வந்த தெய்வம் அழகரின் அழகில் மயங்கிக் காவலாய் நின்றுவிட்டது என்பது கதை. திருட வந்தவரோடு வந்த தெய்வமே காவற்காரன் ஆயிற்று! வழக்கில் உண்மை காண இக்கதவின்முன் சத்தியம் செய்வது நெடுங்கால வழக்கம். நீதிமன்றத்திற் பொய் சொல்லத் துணிந்தவனும் இப்படியில் நாவெழாது நின்றதாகக் கதைகள் பல. அழகர்கோயிலை முழுதும் ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய நூல் 1989-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஒரு கோயிலை அதன் பட்டர் பக்கம் நின்று மட்டுமன்றி, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வரும் குடியானவர் பக்கம் நின்றும் காண்பது எங்ஙனம் என்பதை அதிற் கற்கலாம்.

இனி நம் வீட்டுவாயிலுக்கே மீள்வோம். கே.கே. நகருக்கு அருகே மேலமடையில் பாண்டி கோயில் உள்ளது. நம்மிற் பலர்க்கு முதன்முடி இறக்கிய இடம் அதுவே. கரூர்ப் பக்கத்தினின்று பிழைக்க வந்த குடும்பத்தைச் சேர்ந்த வள்ளியம்மாள் என்னும் மூதாட்டியின் கனவில் முனிவர் தோன்றித் தாம் மண்ணுட் புதைந்திருப்பதைக் கூற, தோண்டியெடுத்து நிறுத்தினர் என்பது தல வரலாறு. பாண்டியன் நெடுஞ்செழியனே கோவலனைக் கொல்வித்த பழி தீர மறுபிறவியில் தவமிருந்தனன் என்றும் கூறுவர். உருவமோ காலை மடித்து நிமிர்ந்தமர்ந்து தவம் செய்யும் கோலம். இதனைக் கண்டு, இது பழைய புத்தரோ அருகரோ ஆகலாம் எனக் கருதுவோரும் உளர். பாண்டி முனிக்குப் பொங்கலும் பழமுமே படைப்பர். கிடா வெட்டுச் சமயக் கருப்பருக்கே உரியது. இதுவும் ஒரு சான்று என அவர்கள் காட்டுவர். ஆனால் முதன்மைத் தெய்வம் சைவப் படையலும் காவல் தெய்வம் கிடாவும் கொள்வது நம் பக்கத்து ஊர்க்கோயில்கள் பலவற்றிலும் காண்பதே. ஆதலின் படையலைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுவது பொருந்தாது. எமக்குக் கதையின் வேறொரு பகுதியே இனிக்கின்றது. பிழையான தீர்ப்பளித்த அரசன் சிலப்பதிகாரத்தில் அரியணையிலேயே உயிர்விட்டான். ஊரார் அவனை அதனோடு விடவில்லை. தவம் செய்ய வைத்து, முனியாக்கி, தம் பிள்ளைகளுக்குப் 'பாண்டி' எனவும் பெயரிட்டனர். காவியம் தண்டித்தவனை மக்கள் மன்னித்த இடம் நம் தெருவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது.

கீழடியைப் பற்றி நீங்கள் செய்தித்தாள்களில் வேண்டுமளவு படித்திருப்பீர்கள். 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறையின் கே. அமர்நாத் இராமகிருஷ்ணன் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023 மார்ச்சு முதல் அருங்காட்சியகமும் உள்ளது. பானை ஓடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பெற்றுள்ளன. யாம் குறிக்க விரும்புவது ஒரு சிறு செய்தியே. அகழாய்வு நிகழ்ந்த தென்னந்தோப்பு மேட்டைப் பள்ளிச்சந்தைத் திடல் என்பர். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்பது கல்வெட்டு வழக்கு. திடலின் பெயர் அதன் எச்சமாய் இருத்தல் கூடும். ஊரார் வாயில் வழங்கும் வயற்பெயர், மேட்டுப்பெயர் ஒவ்வொன்றும் இவ்வாறு ஏதோ ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றது. பத்திரப் பதிவில் அப்பெயர் நீங்கி, மனைப்பிரிவு எண்ணும் ஏதோ ஒரு 'அவென்யூ'வும் வரும் நாளில் அந்த நினைவும் போய்விடும். நாம் குடியிருக்கும் நகர்களே அதற்குச் சாட்சி.

பெயர் போவது ஒருபுறம் இருக்க, மலையே போவதும் நம் கண்முன் நிகழ்ந்தது. மேலூர் வட்டத்தில் கருங்கல் வெட்டியோர் குன்றுகளைப் பாளம் பாளமாக அறுத்து ஏற்றினர். 2012-இல் மாவட்ட ஆட்சியராய் இருந்த உ. சகாயம் விடுத்த அறிக்கையின் பின்னரே அரசு விழித்தது. கீழவளவு செல்வோர் இன்றும் அறுபட்ட பாறைகளைக் காணலாம். பாண்டவர் படுக்கை உள்ள குன்று எஞ்சியது. அதன் உறவுக் குன்றுகள் சில, முகவரியறியாத மாளிகைகளின் தரையாய்க் கிடக்கின்றன. யானைமலையைச் சிற்ப நகரமாக்குவோம் என ஒரு திட்டம் எழுந்தபோது நரசிங்கம், ஒத்தக்கடை ஊர்மக்கள் தடுத்து நின்றனர். அவ்வுணர்ச்சியிலேயே 2010-இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். அன்று முதல் ஆயிரக்கணக்கானோர் இம்மலைகளை நடந்து கண்டுள்ளனர்.

அரிட்டாபட்டியின் செய்தி இன்னும் அண்மையது. ஏழு குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் தமிழி எழுத்தும், தீர்த்தங்கரர் உருவமும், இலகுலீசர் சிற்பமுள்ள குடைவரைச் சிவன்கோயிலும் ஒருங்கே உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஈராண்டு கழிந்து 2024 நவம்பரில் அப்பகுதியை உட்கொண்ட நிலத்தில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை மத்திய அரசால் ஏலத்தில் விடப்பெற்றது. ஊர்ச் சபைகள் எதிர்த்தன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தனர். ஜனவரி 23-இல் ஏலம் நீக்கப்பெற்றது. அந்த ஊர்வலத்தில் வந்த முதியவரிற் பெரும்பாலார்க்குத் தமிழி எழுத்தைப் படிக்கத் தெரியாது. மலையில் தம் சாமி இருக்கின்றது என்பது தெரியும். அறிஞரின் ஏடு காவாததை அவர்களின் கருப்பர் காத்தார் என்று கூறினும் மிகையன்று.

இவ்வளவு கூறியதன் நோக்கம் ஒன்று உண்டு. நம் குடும்பங்களில் எண்பது கடந்த மூதாட்டியர் இன்னும் சிலர் இருக்கின்றனர். குலதெய்வம் எந்த ஊரிலிருந்து, யார் பெட்டியில் வந்தது, எந்தக் கண்மாய்க் கரையில் யாருக்கு நடுகல் உள்ளது, எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்பவற்றை அவர்கள் அறிவர். பேரன்மார் கைப்பேசியில் அவர்தம் குரலைப் பதிவு செய்து கொணர்ந்தால், எழுத்தில் வடித்து இவ்விதழில் வெளியிட யாம் ஒருப்படுகின்றோம். அரச பரம்பரை என்னும் சொல் இல்லாத கட்டுரைக்கு முதலிடம் தருவதெனப் பத்திராசிரியரும் இசைந்துள்ளார்! கேட்டதைக் கேட்டவாறே எழுதுக. நம் கற்பனையை அதில் ஏற்ற வேண்டா. சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பவற்றைத் தவறாது குறிக்க.

அடுத்த திங்களின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாங்குளம் மலைக்குச் செல்வதாக உள்ளோம். காலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் வாயிலிலிருந்து வண்டி புறப்படும். பாறை வழுக்கும், ஆதலின் பிடிப்புள்ள செருப்பு அணிந்து வருமாறு வேண்டுகின்றோம். தலைக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கட்டாயம். எழுத்தின்மேல் சுண்ணமோ எண்ணெயோ தடவிப் படம் எடுப்பது கூடாது. காலைவெயில் சாய்ந்து விழும்போது எழுத்துத் தானே தெளியும். பிள்ளைகளை அழைத்து வருக. மேலே ஏற இயலாத பெரியோர்க்கு மரநிழலில் பாய் விரித்து வைப்போம். பெயர் தர விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.